மறைக்கும் கையும் வழங்கும் கையும்

யாழ்ப்பாணத்து மைதானமொன்றில், வெயில் தணிந்த மாலை வேளையில், நாம் கண்ட ஒரு சிறு காட்சியிலிருந்து இவ்விசாரணையைத் தொடங்குவோம்.

நாற்பது வயதைத் தாண்டிய பந்து வீச்சாளர் ஒருவர் தனியே பயிற்சி செய்துகொண்டிருந்தார். கழக மட்டப் போட்டிகளில் இன்றும் ஆடுபவர் அவர். சுட்டுவிரலையும் நடுவிரலையும் பந்தின் தையலுக்குக் குறுக்கே பதித்துப் பார்ப்பார், நூலளவு விலக்குவார், வீசுவார். பந்து விழுந்த இடத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு மீண்டும் விரலை மாற்றுவார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இது நடந்தது. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மெல்ல அருகே வந்து, "அண்ணை, எப்பிடிப் பிடிக்கிறியள்? ஒருக்காக் காட்டுங்கோ" என்றான். "அதெல்லாம் பிறகு பாப்பம் தம்பி, முதல்லை நேராய்ப் போடப் பழகு" என்ற பதில் வந்தது. பந்தும் கையும் காற்சட்டைப் பைக்குள் போய்விட்டன.

அவர் கெட்டவர் அல்லர். அப்பையனைப் போன்ற ஒருவன்தான் அடுத்த பருவத்தில் அணியில் தமது இடத்துக்கு வரப்போகிறான் என்பது அவருக்குத் தெரியும். இருபது ஆண்டுகள் உழைத்துத் தேடியதை ஒரு நிமிடத்தில் ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். இந்த எண்ணம் நியாயமானதா? ஒருவன் தன் உழைப்பால் அடைந்த திறமை அவனுக்கே உரிய சொத்தா? போட்டி உள்ள இடத்தில் மறைத்தலும் இருக்குமே. அம்மறைத்தல் எந்த எல்லையில் குற்றமாக மாறுகிறது? கேள்வி ஒரு விளையாட்டு மைதானத்தில் பிறந்ததாயினும், ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் எல்லோருடைய வாழ்வையும் அது தொடுகிறது.

முதலில் அந்த மூத்த வீச்சாளருக்குரிய மரியாதையை நாம் அளித்தாக வேண்டும். இளமையில் பந்து வீசுபவனுக்கு உடம்பு கடன் கொடுக்கிறது. தோள் வலிமையால் பந்து வேகமாகச் சுழலும். பிழை நேர்ந்தாலும் வேகம் அதை மூடிவிடும். வயது ஏறும்போது உடம்பு அக்கடனைத் திருப்பிக் கேட்கிறது. விரல்மூட்டு வீங்குகிறது, தையல் உராய்ந்து காய்த்துப்போன தோல் பிளக்கிறது. முன்போல் பந்தை முறுக்க இயலாதவன் வேறு வழிகளைத் தேடுகிறான். பந்தை உள்ளங்கையில் ஆழ்த்தாமல் விரல் நுனிகளில் தளர்வாகப் பிடிக்கப் பழகுகிறான். ஒரே கையசைப்பில் ஒரு பந்தை மெதுவாகவும் அடுத்ததைச் சற்று விரைவாகவும் விடுகிறான். வீச்சுக்கோட்டில் ஓரடி விலகி நின்று கோணத்தை மாற்றுகிறான். வலிமை குறையக் குறைய அறிவு கைக்குள் இறங்குகிறது. இதை வெறும் ஆட்ட ஆசை என்று ஒதுக்குவது தவறு. தொழிலில் முதிர்ந்த தச்சன் உளியைப் பிடிப்பதிலும், சுருட்டுத் தொழிலாளி புகையிலையைச் சுற்றுவதிலும் உள்ள அதே பண்பு இதிலும் உண்டு.

உலகறிந்த உதாரணங்கள் இரண்டைக் காட்டலாம். அவுஸ்திரேலிய அணிக்கு ஆடிய கிளாரி கிரிமெற் பெயர்ப்பலகை எழுதும் தொழிலாளி. 1925ஆம் ஆண்டு தமது முதல் டெஸ்ட் போட்டியை ஆடியபோது அவருக்கு வயது 33. மற்றவர்கள் ஓய்வு பெற எண்ணும் வயதில் தொடங்கிய அவர், 44 வயது வரை ஆடி, 37 போட்டிகளில் 216 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே பந்தைச் சொடுக்கி விடும் 'பிளிப்பர்' என்ற வீச்சை அவர் பல ஆண்டுகள் தனியே பழகிச் செப்பனிட்டார். நமது நாட்டின் ரங்கன ஹேரத் 1999இல் காலியில் தமது முதல் டெஸ்ட் போட்டியை ஆடியவர். பின்னர் நெடுங்காலம் அணிக்கு வெளியே நின்றவர். வங்கி ஊழியராகவும் இருந்தவர். 2010இல் முரளிதரன் ஓய்வு பெற்ற பின்னரே, தமது முப்பத்திரண்டாவது வயதுக்குப் பிறகே, அவருடைய 433 விக்கெட்டுகளில் பெரும்பகுதி கிடைத்தது. 2018இல், நாற்பதாவது வயதில், அதே காலி மைதானத்தில் அவர் விடைபெற்றார். இடைவிடாத திருத்தமே முதுமையை வென்றது என்பதற்கு இவர்கள் சான்று.

இனி மறைத்தலைப் பற்றிய கேள்விக்கு வருவோம். சுழற்பந்து வீச்சின் சாரமே மறைத்தல்தான். பந்து எத்திசையில் திரும்பும் என்பதைத் துடுப்பாட்டக்காரர் அறியாதபடி விரலும் மணிக்கட்டும் வேலை செய்கின்றன. கிரிமெற்றின் பிளிப்பரை அதன் சொடுக்குச் சத்தத்தைக் கொண்டு துடுப்பாட்டக்காரர் அடையாளம் கண்டபோது, அவர் சாதாரணப் பந்தை வீசும்போது இடக்கை விரல்களைச் சொடுக்கி அவர்களைக் குழப்பினார் என்று சொல்வார்கள். இது பொய்யா? பொய் அன்று. எதிரே நிற்பவர் தம்மைக் குழப்புவதே இவரது வேலை என்பதை அறிந்து, அதற்கு உடன்பட்டுத்தான் களத்தில் நிற்கிறார். இருவருக்கும் விதி ஒன்றே. வீச்சாளரின் கை துடுப்பாட்டக்காரருக்குத்தான் மறைவு. விதிக்கு அது திறந்தே கிடக்கிறது.

2018 மார்ச் மாதத்தில் கேப்டவுனில் நடந்ததையும் இதனோடு ஒப்பிட வேண்டும். அவுஸ்திரேலிய வீரர் ஒருவர் உப்புத்தாளை ஒளித்துக் கொண்டுவந்து பந்தைத் தேய்த்தார். நடுவர் கேட்டபோது அது காற்சட்டைக்குள் மறைக்கப்பட்டது. அணித்தலைவரும் துணைத்தலைவரும் ஓராண்டுக்கும், தேய்த்தவர் ஒன்பது மாதங்களுக்கும் தடை செய்யப்பட்டார்கள். விரலின் மறைப்புக்கும் உப்புத்தாளின் மறைப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. முன்னையது ஆட்டத்துக்குள் நிகழ்வது. பின்னையது ஆட்டத்துக்கும் விதிக்கும் எதிராக நிகழ்வது.

முத்தையா முரளிதரனின் வரலாறு இதற்கு இன்னொரு பக்கம். 1995 டிசெம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் ஒருவர் அவருடைய வீச்சு முறைகேடானதென்று ஏழு தடவை அறிவித்தார். அந்நாட்களில் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவோடிரவாகப் புறப்பட்டவர்கள் தென்மராட்சியிலும் அதற்கு அப்பாலும் அகதிகளாகக் கிடந்தார்கள். கூரையின்றிக் கிடந்த மக்களுக்கும், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் குற்றவாளியைப் போல நிறுத்தப்பட்ட கண்டித் தமிழனுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லைதான். ஆயினும், முதலில் தீர்ப்பும் பிறகு விசாரணையும் என்ற அனுபவம் நம்மவருக்குப் புதியதன்று.

முரளிதரன் என்ன செய்தார்? கையை மறைக்கவில்லை, திறந்து காட்டினார். பிறவியிலேயே முழுவதும் நீட்ட முடியாத முழங்கையோடு ஆய்வுகூடத்துக்குச் சென்றார். கருவிகளும் படப்பிடிப்புகளும் அக்கையை அளந்தன. 2004இல் கையை அசையாதபடி கட்டிவைத்துக்கொண்டு வீசியும் காட்டினார். அந்த ஆண்டுகளின் ஆய்வுகள் வேறொன்றையும் வெளிப்படுத்தின. நேரான கை என்று உலகம் நம்பிய பலருடைய முழங்கைகளும் வீசும்போது ஓரளவு வளைந்து நிமிர்ந்தன. அதன் பின்னரே 2005இல் எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை என்ற எல்லை வகுக்கப்பட்டது. 2010இல் 800 விக்கெட்டுகளோடு முரளிதரன் ஓய்வு பெற்றார். மறைத்தல் குற்றமா என்று கேட்பவருக்கு இவ்வரலாறு ஒரு அளவுகோலைத் தருகிறது. எக்கணமும் விதியின் முன் திறந்து காட்டத்தக்க மறைப்பு நேர்மையானது. திறக்க அஞ்சும் மறைப்பே மோசடி.

இந்த அளவுகோலால் நமது மைதானத்து மூத்தவரை அளந்தால், துடுப்பாட்டக்காரரிடமிருந்து மறைத்தமைக்காக அவரை யாரும் குறை கூற இயலாது. ஆனால் அந்தப் பையன் அவருக்கு எதிரே துடுப்பைப் பிடித்து நிற்கவில்லையே! அவன் கற்க வந்தவன். ஆட்டத்துக்குள் அறமாயிருந்த மறைத்தலை ஆட்டத்துக்கு வெளியேயும் கொண்டு சென்றதே அவர் செய்த பிழை. போட்டியாளனுக்கு உரியதை அவர் மாணவனுக்குச் செய்துவிட்டார்.

'நான் உழைத்துத் தேடியது' என்று அவர் சொல்லக்கூடும். உண்மைதான், உழைத்தார். ஆனால் தனியாகவா தேடினார்? 'கூக்ளி' என்ற வீச்சை எடுத்துக்கொள்வோம். பொசங்கே என்ற ஆங்கிலேயர் மேசை மேல் பந்தைத் துள்ளவிடும் விளையாட்டு ஒன்றிலிருந்து அதைக் கண்டெடுத்து, 1900ஆம் ஆண்டளவில் பெரிய போட்டிகளில் வீசத் தொடங்கினார். அவரோடு ஒரே கழகத்தில் ஆடிய ஷ்வார்ஸ் அதைக் கற்றுத் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுபோய்த் தம் தோழர் மூவருக்கும் சொல்லிக் கொடுத்தார். 1906இல் அந்நால்வரும் சேர்ந்து, கூக்ளி பிறந்த இங்கிலாந்தையே ஐந்து போட்டிகளில் நான்கில் தோற்கடித்தார்கள். கிரிமெற் செப்பனிட்ட பிளிப்பரைப் பின்வந்த புரூஸ் டூலண்ட் கைக்கொண்டார். மூன்றே டெஸ்ட் போட்டிகள் ஆடி, பின்னர் இங்கிலாந்தில் கழக ஆட்டக்காரராகிவிட்ட அவர், 1956இல் அங்கு வந்த இளையவர் ரிச்சி பெனோவுக்கு அதைக் கற்பித்தார். தாம் மீண்டும் ஆடப்போகாத அணிக்குத் தம் கைச்செல்வத்தை அனுப்பி வைத்தார் என்றே சொல்ல வேண்டும். முரளிதரன் பிற்காலத்தில் கைக்கொண்ட 'தூஸ்ரா' பாகிஸ்தானின் சக்லைன் முஷ்தாக்கால் புகழ்பெற்றது. முரளிதரனே பள்ளி நாட்களில் வேகப்பந்து வீசியவர்தான். பதினான்காம் வயதில் ஒரு பயிற்சியாளர் சொன்ன சொல்லே அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியது.

மனிதக் கை உழைப்பைச் செய்வதோடு நில்லாமல், எண்ணற்ற தலைமுறைகளின் உழைப்பால் தானும் உருவாகி வந்தது என்று ஏங்கெல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். ஒரு விரற்பிடிக்குள் எத்தனை பேரின் விரல்கள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவருக்கு அவ்விளக்கம் எளிதில் புரியும். நமது மூத்தவர் நூலளவு திருத்தினார். அந்த நூலளவு அவருடையது. மற்றதெல்லாம் அவருக்குக் கிடைத்த முதுசொம். முதுசொத்தை வாங்கியவன் கொடுக்கக் கடன்பட்டவன்.

ஆனால் வழங்குவோர் எல்லோரும் எல்லோருக்கும் வழங்கினார்களா? இங்கேதான் நாம் கசப்பான உண்மையைப் பேச வேண்டியுள்ளது. தென்னாபிரிக்காவில் ஷ்வார்ஸ் வழங்கிய கூக்ளி வெள்ளைத் தோலின் எல்லையில் நின்றது. அந்நாட்டின் டெஸ்ட் அணியில் பல பத்தாண்டுகள் வெள்ளையருக்கு மட்டுமே இடமிருந்தது. இந்தியாவின் முதற் பெரும் சுழற்பந்து வீச்சாளர் எனத்தக்க பல்வங்கர் பாலு, தீண்டாமைக் கொடுமைக்கு உட்படுத்தப்பட்ட சமூகத்திற் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர் கழகத்து மைதானத்தைப் பராமரிக்கும் வேலையாளாக இருந்தவர், பயிற்சிக்கு வந்த வெள்ளையருக்குப் பந்து வீசி வீசியே கைத்திறனைப் பெற்றார். இந்து அணிக்கு அவருடைய விக்கெட்டுகள் தேவைப்பட்டன. அவ்வாறிருந்தும், அவருக்குத் தேநீர் மண்டபத்துக்கு வெளியே, தனி மண்குவளையில் வழங்கப்பட்டது. 1911இல் இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பிய பின்னரும் தலைமைப் பதவியை முறைப்படி அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பாரதக் கதையில் ஏகலைவனின் கட்டைவிரல் கேட்கப்பட்டதன் நோக்கம் யாதென்று நாம் அறிவோம். வில்லைப் பிடிக்கும் பிடியையே பறித்துவிட்டால் போட்டி இல்லை. திறமையை மறைப்பதும் விரலைக் கேட்பதும் ஒரே குலத்தைச் சேர்ந்த செயல்கள். அளவில் மட்டுமே வேறுபாடு.

நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லோம். யாழ்ப்பாணத்துக்குக் கிரிக்கெட் வந்தது கல்லூரிகளின் வழியாக. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடும் 'வடக்கின் பெரும் போர்' 1904இல் தொடங்கியது. ஆனால் அக்காலப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கில் இடம் கொடுக்கவே மறுத்தோம். 1924இல் தோன்றிய வாலிபர் இயக்கம் சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் போராட வேண்டியிருந்தது. 1960களின் பிற்பகுதியில்கூடத் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கு மக்கள் அடிபட்டார்கள். வாங்கில் உட்கார விடாதவர்கள் பந்தையா தொட விட்டிருப்பார்கள்? நாம் கைநழுவவிட்ட சுழற்பந்து வீச்சாளர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

பிறகு போர் வந்தது. 1981இல் நூலகம் எரிந்தது. மத்திய கல்லூரி மைதானத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில். போர் நடந்த ஆண்டுகளில் பெரும் போட்டியும் இடைக்கிடை நின்றுபோயிற்று. பயிற்சி தர வேண்டிய வயதில் பலர் இறந்தார்கள். பலர் கடல் கடந்தார்கள். ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போக வேண்டியது நடுவழியில் அறுந்தது. இதை நினைக்கும்போதுதான் 2020 டிசெம்பரில் நடந்தது பெரிதாகத் தோன்றுகிறது. மத்திய கல்லூரியின் மாணவராக வளர்ந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற இளைஞர் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகச் சுழற்பந்து வீசினார். அவர் வீழ்த்திய முதல் விக்கெட், இலங்கையின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூஸ். 2024இல் அவர் இந்தியன் பிரிமியர் லீக்கிலும் ஆடினார். அறுந்ததாக நாம் நினைத்த நூலை, எங்கோ யாரோ சில மூத்தவர்கள் கைவிடாமல் பிடித்திருந்தார்கள் என்பதே இதன் பொருள்.

இங்கு ஒரு மறுப்பு எழும். அதைத் தட்டிக் கழித்தல் முறையன்று. 'வழங்கு என்று சொல்வது எளிது. வழங்கிய பின் எனக்கு என்ன மிஞ்சும்?' என்று மூத்தவர் கேட்பார். ஆட்டக்காரர்களை ஏலத்தில் விலை பேசும் காலம் இது. மேலே ஏலம் நடக்கும்போது கீழே கழக மட்டத்திலும் ஒவ்வொருவனும் தன் இடத்தைக் காத்துக்கொள்ளவே பார்ப்பான். ஆசானையும் மாணவனையும் ஒரே ஆசனத்துக்குப் போட்டியிட வைக்கும் அமைப்பில், ஆசான் கையை மூடுவது வியப்பன்று. ஆகவே 'பெருந்தன்மையோடு இரு' என்று தனி மனிதனுக்கு உபதேசம் செய்வதோடு நம் கடமை தீராது. வீசி முடித்த கைக்கும் ஒரு மதிப்பான வாழ்வு உண்டு என்ற உறுதியைச் சமுதாயம் அளிக்க வேண்டும். பாடசாலைகளிலும் கிராமக் கழகங்களிலும் ஊதியத்தோடு பயிற்சியாளர் பதவிகள் வேண்டும். நல்ல தோற்பந்து ஒன்று கூலிக் குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பைக் கேட்கும் நிலையில், பந்தும் வலையும் பொதுச் சொத்தாக வேண்டும். மண்டைதீவில் பன்னாட்டு மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நல்லதே. ஆனால் அதன் வாசல் யாருக்குத் திறக்கும் என்பதைச் சுவர் எழும்பும் முன்னரே நாம் கேட்டு வைக்க வேண்டும்.

அமைப்பு மாறும் வரை கையை மூடியே வைத்திருக்கலாமா? கூடாது. மூடிய கை மூடியபடியே மண்ணுக்குள் போகும். நம்முடைய பரியாரிமார் பலர் அரிய மருந்தை மகனுக்கும் சொல்லாமல் காலம் தாழ்த்தி, கடைசியில் யாருக்கும் சொல்லாமலே போனார்கள். வீட்டுப் பரண்களில் எத்தனையோ ஏடுகள் செல்லரித்துப் போயின. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி அலைந்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதால்தான் அது இன்று மாணவன் கையில் இருக்கிறது. காத்து வைத்தவர்கள் இழந்தார்கள்; வழங்கியவர் காத்தார்.

இவ்வளவும் பந்து வீச்சாளரை நோக்கிச் சொன்னோம். இதை வாசிக்கும் ஆசிரியர்களாகிய நாம் நம் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டாமா? காலையில் வகுப்பறையில் மூடியிருக்கும் கை, மாலையில் தனியார் வகுப்பில் காசுக்குத் திறக்கிறது. கணக்கின் சுருக்கு வழியும் வினாத்தாளின் போக்கும் பணம் கட்டியவனுக்கு மட்டும் போய்ச் சேர்கின்றன. 1945இல் இலவசக் கல்வி வந்த நாட்டில் இது நடக்கிறது. சம்பளம் போதவில்லை என்பது உண்மை. அதற்காகப் போராடுவோம், அப்போராட்டம் நியாயமானது. ஆனால் வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து 'எப்பிடி எண்டு ஒருக்காக் காட்டுங்கோ சேர்' என்று கேட்கும் பிள்ளை நமக்கு எதிரே துடுப்போடு நிற்பவன் அல்லன்.

நாம் கண்ட அந்த மூத்தவர் இன்னும் ஓரிரு பருவங்கள் ஆடக்கூடும். அவரது விரல்கள் கண்டுபிடித்த அந்த நூலளவு வித்தியாசம் என்னவென்று அவர் ஒருவருக்கே தெரியும். பையனும் தினந்தோறும் வேலியோரம் வந்து நிற்கிறான். போட்டி நாளில் அவர் தம் கையை எவ்வளவு வேண்டுமாயினும் மறைத்துக்கொள்ளட்டும். விக்கெட்டுகள் குவியட்டும் என்று நாமும் வாழ்த்துவோம். பயிற்சி நாளில், பைக்குள்ளிருக்கும் அந்தக் கையை வெளியே எடுத்து, பந்தைப் பையனின் விரல்களுக்கிடையே வைத்து, 'இப்பிடித்தான் தம்பி' என்று அவர் சொல்ல வேண்டும். நாம் அவரிடம் கேட்பது இவ்வளவே. நம்மிடமும் அதையே கேட்டுக்கொள்வோம்.